நிறவெறிக்கு எதிராக வரையும் பிள்ளைக்கு வேலை கிடைக்குமா?

மகள் வரைவதெல்லாம் நிறவெறியைப் பற்றியே இருக்கிறது, இதை நம்பி ஓவியக் கல்லூரியில் சேர்க்கலாமா என்று கேட்கிறீர்கள். தாராளமாகச் சேர்க்கலாம். சிறுவர் நூல்களுக்குப் படம் வரைதல், செய்திப் புகைப்படம், விழிப்புணர்வுச் சுவரொட்டி, அருங்காட்சியகக் கல்விப் பிரிவு, ஓவிய ஆசிரியர் பணி என்று வேலைகள் இருக்கின்றன. ஓவியங்களை விற்று மட்டுமே வாழ்வது கடினம். அதை முதல் திட்டமாக வைக்காதீர்கள்.

நுழைவுத் தேர்வில் எடுபடுவதும் தோற்பதும் போர்ட்ஃபோலியோதான், அதாவது அவள் காட்டும் படைப்புகளின் தொகுப்பு. உடையும் சங்கிலியும், கோத்த கறுப்பு வெள்ளைக் கைகளும் எல்லோருக்கும் முதலில் தோன்றும் படங்கள். அவற்றை ஒதுக்கச் சொல்லுங்கள். பரிதாபம் தேடும் படத்திலும் சிக்கல் உண்டு. 1787-இல் இங்கிலாந்தின் பீங்கான் தயாரிப்பாளர் வெட்ஜ்வுட் வெளியிட்ட அடிமை ஒழிப்புப் பதக்கத்தில், விலங்கு பூட்டிய மனிதர் மண்டியிட்டு இறைஞ்சுகிறார். இயக்கத்துக்கு அது பெரிதும் உதவியது, ஆனாலும் பார்ப்பவர் மேலே, அவர் கீழே.

அமெரிக்கக் கறுப்பின ஓவியர் ஜேக்கப் லாரன்ஸ் 1940–41-இல் வரைந்த ஓவியத் தொடரை மகள் அவசியம் பார்க்க வேண்டும். அமெரிக்கத் தெற்கிலிருந்து வடக்கே புலம்பெயர்ந்த கறுப்பின மக்களைப் பற்றி 60 பலகைகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு வாசகம். ஒரு நிறத்தைக் கலந்தால் அதை எல்லாப் பலகைகளிலும் பூசிவிட்டே அடுத்த நிறத்துக்குப் போனார்; அதனால் 60-ம் ஒரே படைப்பாக நிற்கின்றன. தொடர்பில்லாத 20 படங்களைவிட, ஒரே பொருளில் 6 முதல் 8 வரை வரைவது நல்லது. தவறிய முயற்சிகள் உள்ள ஸ்கெட்ச் புத்தகப் பக்கங்களையும் சேர்க்கட்டும். அவள் யோசிக்கும் முறையைத் தேர்வாளர்கள் அதில்தான் பார்ப்பார்கள்.

தோல் நிறத்தில்தான் பலர் சறுக்குகிறார்கள். கருமையான தோலுக்குக் கறுப்புச் சாயத்தைக் கலந்தால் முகம் சாம்பல் பூத்து உயிரிழந்துவிடும். பர்ன்ட் சியன்னா என்ற செம்பழுப்புச் சாயத்தோடு அல்ட்ராமரின் நீலத்தைச் சிறிது சிறிதாகச் சேர்த்தால் ஆழமான பழுப்பு வரும். நெற்றியிலும் கன்னத்திலும் மின்னும் இடங்களில் சூழலின் ஒளி நிறத்தை வைக்க வேண்டும். புகைப்படத்திலும் இதே கதை. கேமராவின் ஒளிமானி காட்சி முழுவதையும் நடுச் சாம்பலாக்கப் பார்க்கும். பின்னால் வெள்ளைச் சுவர் இருந்தால் முகம் இருண்டுவிடும். ஒரு சிறு இடத்தின் ஒளியை மட்டும் அளக்கும் ஸ்பாட் மீட்டரிங்கில் முகத்தை மட்டும் அளந்து எடுக்க வேண்டும். பல பத்தாண்டுகள் ஃபிலிம் கழுவி அச்சிடும் ஆய்வகங்கள் வெள்ளைப் பெண்ணின் படமுள்ள அட்டையை வைத்தே அச்சு நிறத்தைச் சரிபார்த்தன. கருமையான முகங்கள் படங்களில் விவரமிழந்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

நேர்காணலில் "இந்தக் கதையை நீ ஏன் சொல்கிறாய்?" என்று கேட்பார்கள். 2017-இல் நியூயார்க்கின் விட்னி அருங்காட்சியகம் நடத்திய விட்னி பைனியல் கண்காட்சியில், 1955-இல் நிறவெறியர்களால் கொலையுண்ட கறுப்பினச் சிறுவன் எம்மெட் டில்லின் உடலை வெள்ளையின ஓவியர் ஒருவர் வரைந்ததற்கு இந்தக் கேள்வியோடுதான் எதிர்ப்பு கிளம்பியது. மகள் தன் சொந்த அனுபவத்தை வரைகிறாளா, மற்றவர் அனுபவத்தையா என்பதில் தெளிவு வேண்டும். மற்றவருடையது என்றால் அவர்களிடம் பேசி, எழுத்தில் சம்மதம் வாங்கி, முடிந்த படத்தை முதலில் அவர்களிடம் காட்டட்டும். அவர்கள் சொன்ன திருத்தங்களையும் ஸ்கெட்ச் புத்தகத்தில் குறித்துவைக்கட்டும்.