கண்வலிக்கிழங்கு: பெயர் வேறு என்றால் செடியும் வேறா?

கேள்வி: மூலனூர் பக்கம் ஒரு ஏக்கரில் கண்வலிக்கிழங்கு போட்டிருக்கிறேன். பூ நிறைய வருகிறது, காய் பிடிப்பது குறைவு. 'ரோத்சில்டியானா' என்பது வேறு இனம், பூ பெரியது என்று சொல்லிக் கிழங்கை அதிக விலைக்குத் தருகிறார்கள். மாற்றலாமா? இது லில்லி குடும்பம்தானே?

பதில்: மாற்ற வேண்டாம். குளோரியோசா சின்னப் பேரினம், மொத்தமே பத்துப் பன்னிரண்டு இனங்கள்தான். உங்கள் வயலில் இருப்பது குளோரியோசா சுப்பர்பா, நம் செங்காந்தள். ரோத்சில்டியானாவை முன்பு தனி இனமாக வைத்திருந்தார்கள். இப்போது பெரும்பாலான தாவரவியலாளர்கள் அதையும் சுப்பர்பாவிலேயே சேர்த்துவிட்டார்கள். கொய்மலருக்காக வளர்க்கும் வகை அது. நீங்கள் விற்பது பூவை அல்ல, விதையை. உள்ளூரில் நன்றாகக் காய்த்த கொடியின் கிழங்கே உங்களுக்குப் போதும். கிழங்கின் முனையில்தான் முளை இருக்கிறது. எடுக்கும்போது அது ஒடிந்தால் அந்தப் பக்கம் முளைக்காது, பார்த்து எடுங்கள்.

லில்லி குடும்பம் என்பது பழைய புத்தகக் கணக்கு. இப்போது இதை கொல்சிகேசியே என்ற குடும்பத்தில் வைக்கிறார்கள். ஐரோப்பாவின் கொல்சிக்கம் செடியும் அதில்தான் இருக்கிறது. இரண்டிலும் கொல்சிசின் உண்டு. யூரிக் அமிலத்தால் வரும் மூட்டுவலிக்குக் கொடுக்கும் மருந்து அதுதான், உங்கள் விதைக்கு விலை கிடைப்பதும் அதனால்தான். கொடிய நஞ்சும் அதுவே. கிழங்கையோ விதையையோ கையாண்டால் சோப்புப் போட்டுக் கை கழுவாமல் சாப்பிடாதீர்கள். விதை காயும் களத்துப் பக்கம் குழந்தைகளை விடாதீர்கள். ஆடு மாட்டையும் கொடிப் பக்கம் விடக் கூடாது. யாராவது தெரியாமல் தின்றுவிட்டால், வாந்தி வரட்டும் என்று காத்திருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

சரி, காய்க்கு வருவோம். பூ ஒன்றைக் கையில் எடுத்துப் பாருங்கள். ஆறு இதழும் மேல்நோக்கி மடிந்திருக்கும். மகரந்தப் பைகள் ஆறும் காம்பின் நுனியில் ஆடிக்கொண்டு வெளியே விரிந்து நிற்கும். சூல்தண்டோ சூலகத்திலிருந்து செங்குத்தாக ஒடித்து வைத்ததுபோல் பக்கவாட்டில் நீண்டு, நுனியில் மூன்றாகப் பிரியும். மகரந்தம் தானாக அங்கே விழுவது அரிது. பூச்சி வரத்துக் குறைந்தால் காயும் குறையும்.

அதனால் கையால் தொட்டுவிடுங்கள். தினமும் காலை வெயில் ஏறுவதற்குள், புதிதாக விரிந்த பூவின் மகரந்தத்தை மெல்லிய தூரிகையில் எடுத்து அந்த மூன்று நுனியிலும் படும்படி தடவுங்கள். முழுக்கச் சிவந்த பழைய பூவை விட்டுவிட்டு, அடியில் மஞ்சள் தெரிகிற பூவாகப் பாருங்கள். ஆள்கூலி ஆகும், ஆனால் காய் எண்ணிக்கையில் வித்தியாசம் தெரியும். அப்புறம், பூக்கும் காலத்தில் காலை நேரம் பூச்சிமருந்து அடிக்காதீர்கள், வருகிற தேனீயும் வராமல் போய்விடும்.