ரவிவர்மா ஓவியத்தில் ஆச்சியின் முகம்: ஒட்டுவேலைக்கு ஏன் காசு கொடுக்கணும்?

கேள்வி: ஆச்சியின் 80-வது பிறந்தநாளுக்கு ரவிவர்மாவின் ‘கேலக்ஸி ஆஃப் மியூசிஷியன்ஸ்’ ஓவியத்தில் ஆச்சி, அம்மா, இரண்டு சித்திகள் முகங்களைப் பொருத்தி, நீளவாக்கில் 36 அங்குலம் வரும்படி கேன்வாஸ் பிரிண்ட் போடச் சொன்னோம். வந்த படத்தில் நான்கு முகங்களும் வெட்டி ஒட்டியதுபோலத் தனியாக நிற்கின்றன. “நீங்க தந்த போட்டோ அப்படி” என்கிறார் ஸ்டுடியோக்காரர். ‘விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது’ என்று பில்லில் அச்சடித்திருக்கிறது. என்ன செய்வது?
– வாசகி, தக்கலை

பதில்: ஸ்டுடியோக்காரர் சொல்வது பாதி சரி. இந்த வேலை கெடுவது பெரும்பாலும் போட்டோவில்தான். அந்த ஓவியத்தில் இருக்கும் 11 பெண்களும் ஆளுக்கொரு பக்கம் பார்க்கிறார்கள். நேராகப் பார்க்கும் பாஸ்போர்ட் படத்தைச் சற்றே திரும்பிய தலையில் வைத்தால், அதை இயல்பாகத் தெரியும்படி திருத்துவது கடினம். ஆனால் ‘இந்தப் போட்டோ ஆகாது’ என்று அட்வான்ஸ் வாங்கும்முன் சொல்லியிருக்க வேண்டியது அவர்தான்.

மறுபடி செய்து தரச் சொல்லுங்கள். யாருடைய முகம் எந்தப் பெண்ணுக்கு என்று முதலில் முடிவு செய்துவிட்டு, அந்தக் கோணத்திலேயே புதிதாகப் படம் எடுங்கள். ஓவியத்தில் வெளிச்சம் விழும் பக்கத்தில் ஜன்னல் இருக்கட்டும், ஃபிளாஷ் வேண்டாம். 2 மீட்டர் தள்ளி நின்று 2எக்ஸ் ஜூமில் எடுங்கள். செல்ஃபி எடுத்தால் மூக்கு பெருத்துவிடும். கண்ணாடியைக் கழற்றிவிட்டு, பல் தெரியாமல் வாயை மூடியிருக்கச் சொல்லுங்கள். பழைய ஆல்பம் படம்தான் இருக்கிறது என்றால் 600 டிபிஐ-யில் (அங்குலத்துக்கு 600 புள்ளி) ஸ்கேன் செய்யுங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பும்போது ‘டாக்குமென்ட்’டாக அனுப்பாவிட்டால் படம் சுருங்கிவிடும். பிரிண்டில் முகம் 3 அங்குலம் வருமானால், நெற்றியிலிருந்து தாடை வரை 450 பிக்சலாவது வேண்டும். 600 இருந்தால் நிம்மதி.

ஸ்டுடியோக்காரர் செய்யும் ஃபோட்டோஷாப் வேலையிலும் ஒரு முறை இருக்கிறது. முகத்தைத் தனி லேயரில் (ஓவியத்தின் மேல் தனி அடுக்கில்) வைத்து, அடியில் உள்ள ஓவியம் தெரியும்படி ஒபாசிட்டியை 50 சதவீதமாக்கி, இரு கண்ணும் வாயும் ஓவியத்தில் உள்ளவற்றின் மேல் சரியாக உட்காரும்வரை சரிசெய்ய வேண்டும். பிறகு லேயர் மாஸ்க்கில் (அடுக்கின் வேண்டாத பகுதியை மறைக்கும் வசதி) மென்மையான பிரஷ்ஷால் ஓரங்களை மறைக்க வேண்டும். புருவத்துக்குச் சற்று மேலிருந்து தாடை வரை மட்டும் போட்டோ. முடி, காது, கழுத்து, நகையெல்லாம் ரவிவர்மாவுடையதாகவே இருக்கட்டும். அடுத்து கர்வ்ஸ் என்ற நிறம், வெளிச்சம் மாற்றும் கருவி கொண்டு முகத்தின் நிறத்தை ஓவியத்துக் கழுத்தின் நிறத்தோடு சேர்க்க வேண்டும். ‘ஒட்டியது’ என்று காட்டிக்கொடுப்பது இந்தக் கழுத்துதான். மூக்கடி நிழல் வேறு பக்கம் விழுந்தால், சாஃப்ட் லைட் என்ற கலவை முறையில் 50 சதவீதச் சாம்பல் லேயர் போட்டு, டாட்ஜ் (வெளுப்பாக்குவது), பர்ன் (கருமையாக்குவது) செய்து ஓரளவு மாற்றலாம். அதிவெள்ளையான கண்வெள்ளையை மங்கலாக்க வேண்டும். கடைசியில் முகத்தின் கூர்மையைக் குறைத்து, ஓவியத்தின் தூரிகைத் தடமும் சிறு விரிசல்களும் முகத்தின் மேலும் படரும்படி செய்ய வேண்டும். உங்கள் படத்தில் இந்த வேலை நடக்கவே இல்லை என்று தெரிகிறது. சில கடைகளில் ஏஐ-யில் போட்டுத் தருகிறார்கள். முகம் வழவழவென்று அழகாக இருக்கும், ஆச்சியின் ஜாடை மட்டும் இருக்காது. வேண்டாம்.

அச்சுக்குப் போகும்முன் கம்ப்யூட்டரில் 100 சதவீத அளவில் ஒவ்வொரு கம்மல் ஓரத்தையும் பாருங்கள். ஒரு முகத்தை மட்டும் அதே கேன்வாஸில் சிறு துண்டாக அடித்துக் காட்டச் சொல்லுங்கள். மரச்சட்டத்தில் சுற்றி மடிக்க நாலு பக்கமும் 2 அங்குலம் கூடுதல் வேண்டும். நம் குமரி மாவட்டத்தில் இரண்டு பருவமழையும் உண்டு. ஈரம் கசியும் சுவரில் மாட்டாதீர்கள், பின்னால் கார்க் துண்டு வைத்து இடைவெளி விடுங்கள்.

பில் வாசகத்துக்குப் பயப்பட வேண்டாம். குறையுள்ள சேவைக்குப் பில்லில் சொன்ன காலத்துக்குள், காலம் எதுவும் சொல்லாவிட்டால் 30 நாளுக்குள், பணத்தைத் திருப்பித் தர மறுப்பது 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிகம். முதலில் எழுத்தில் கேளுங்கள். படம், பில், உரையாடல் எல்லாவற்றையும் பத்திரப்படுத்துங்கள். மசியாவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-க்கு அழையுங்கள், அல்லது நாகர்கோவிலில் உள்ள மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 2 ஆண்டுகளுக்குள் புகார் கொடுங்கள். கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் கிடையாது.

கேள்வி: ரவிவர்மா படத்தை இப்படி மாற்ற அனுமதி வாங்க வேண்டுமா?
– அதே வாசகி

பதில்: வேண்டாம். அவர் 1906-ல் காலமானார். இங்கே ஓவியரின் மறைவுக்குப் பின் 60 ஆண்டுகள்தான் பதிப்புரிமை. இப்போது இருக்கும் ஓவியரின் படம் என்றால் கட்டாயம் கேட்க வேண்டும்.