பைக்ல சார்ஜிங் சாக்கெட்: உங்க கேள்வி, என் பதில்

வயரிங் சந்தேகம் இருந்தா கேளுங்கன்னு சொல்லியிருந்தேன், வந்ததுல முக்காவாசி சாக்கெட் போடறது பத்திதான். டூ வீலர் எலக்ட்ரிக்கல் வேலைதான் எனக்கு சோறு போடுது, அதனால தெரிஞ்சத மறைக்காம சொல்றேன்.

அண்ணே, ஸ்ப்ளெண்டர்ல யுஎஸ்பி சார்ஜர் மாட்டணும். கடைல ஹெட்லைட் வயர்லயே ஜாயின்ட் போட்டுக்கலாம்னு சொல்றாங்க, சரியா?

வேணாம் தம்பி. பழைய ஸ்ப்ளெண்டர் மாதிரி வண்டிங்கள்ல ஹெட்லைட்டுக்கு கரண்ட் பேட்டரில இருந்து வராது, எஞ்சின் ஓடும்போது அதுக்குள்ள கரண்ட் தயாரிக்கற காயில்ல இருந்து நேரா ஏசியா வரும். ஐடிலிங்ல லைட் மங்கி, ஆக்சிலேட்டர் முறுக்கினா பளிச்சுனு ஏறுதுல்ல, அது இதனாலதான். சார்ஜருக்கு வேண்டியது டிசி, அதாவது பேட்டரி குடுக்கற மாதிரி கரண்ட். ஏசி வயர்ல குடுத்தா சார்ஜர் போகும், சில சமயம் போனையும் சேர்த்து கொண்டு போயிடும். 2017 ஏப்ரலுக்கு அப்புறம் வந்த வண்டிங்கள்ல எஞ்சின் ஓடும்போது ஹெட்லைட் எப்பவும் எரிஞ்சுட்டே இருக்கும், அதுலயும் கண்ண மூடிட்டு கை வைக்காதீங்க. வோல்ட் அளக்கற மல்டிமீட்டர் முன்னூறு நானூறு ரூபாய்க்கு கிடைக்குது. டிசில வச்சு பாருங்க, சாவி போட்டா 12 வோல்ட்டுக்கு மேல காட்டணும், சாவி எடுத்தா பூஜ்யம் ஆகணும், அப்படி இருந்தாதான் அது நமக்கு வேண்டிய வயர். கலர வச்சு முடிவு பண்ணாதீங்க, கம்பெனிக்கு கம்பெனி மாறும்.

ஃபியூஸ் கண்டிப்பா வேணுமா சார்? சார்ஜருக்குள்ளயே ப்ரொடெக்ஷன் இருக்குன்னு டப்பால போட்டிருக்கே.

இந்த ஒரு கேள்விக்கு மட்டும் கொஞ்சம் நீட்டி பதில் சொல்றேன், பொறுத்துக்கங்க. சார்ஜருக்குள்ள இருக்கறது சார்ஜர காப்பாத்தறதுக்கு. நீங்க போடற ஃபியூஸ் வயர காப்பாத்தறதுக்கு. பேட்டரில இருந்து ஹேண்டில்பார் வரைக்கும் டேங்குக்கு அடியில போற அந்த ஒன்றரை மீட்டர் வயர் எங்கயாவது ஃப்ரேம்ல உரசி தோல் உரிஞ்சு பாடில பட்டுச்சுன்னா, பேட்டரி சின்னதா இருந்தாலும் அந்த நிமிஷம் அது கொட்டற கரண்ட்டுக்கு வயர் பழுத்துடும். மேல இருக்கறது பெட்ரோல் டேங்க்.

போன மழைக்காலத்துல ஒரு வண்டி வந்துச்சு, ஓட்டும்போது ப்ளாஸ்டிக் கருகற நாத்தம் வருதுன்னு சொன்னார். டேங்க இறக்கி பார்த்தா, எங்கயோ வெளிக்கடைல போட்ட சார்ஜர் வயர் ஃப்ரேம் ப்ராக்கெட்டோட ஓரத்துல உக்காந்து அறுந்திருக்கு, சிவப்பு தோல் உருகி கூழாகி பக்கத்துல ஓடற கம்பெனி வயர் கட்டோட (ஹார்னஸ்) ஒட்டிக்கிச்சு, தனியா பிரிக்கவே முடியல. ஃபியூஸ் இருந்துச்சு. எங்க தெரியுமா, ஹேண்டில்பார் பக்கத்துல, சார்ஜருக்கு ஒரு சாண் முன்னாடி. அதுக்கும் பேட்டரிக்கும் நடுவுல இருக்கற மொத்த வயருக்கும் பாதுகாப்பே இல்ல. அவர் நல்ல நேரம், பேட்டரி டெர்மினல் லூஸா இருந்து கழண்டு விட்டுச்சு.

அதனால ஃபியூஸ் எப்பவும் பேட்டரி பாசிட்டிவ்ல இருந்து ஒரு சாணுக்குள்ள இருக்கணும். யுஎஸ்பி சார்ஜருக்கு 5 ஆம்ப் போதும். அடிக்கடி போகுதுன்னு 15 ஆம்ப் மாத்தறவங்க இருக்காங்க, தயவுசெஞ்சு அத பண்ணாதீங்க, ஏன் போகுதுன்னு தேடுங்க.

வயர் எவ்ளோ தடிமன்? ரிலே போடணுமா?

18 வாட் சார்ஜர்னா 12 வோல்ட்ல ஒன்றரை ஆம்ப், வேஸ்ட் ஆகறதையும் சேர்த்தா ரெண்டுக்குள்ள நிக்கும். 1 ஸ்கொயர் எம்எம் காப்பர் வயர் தாராளம். ரிலேன்னா சின்ன கரண்ட் குடுத்தா பெரிய கரண்ட்ட ஆன் பண்ற சுவிட்ச். ஒரு சார்ஜருக்கு மட்டும்னா அது இல்லாமயும் ஓடும், ஆனா பிற்பாடு ஃபாக் லைட் அது இதுன்னு சேர்க்கற எண்ணம் இருந்தா இப்பவே ரிலே போட்டுடுங்க, ரெண்டு தடவ சீட்ட கழட்டற வேலை மிச்சம். நாலு பின் ரிலேல ஒவ்வொரு பின்னுக்கும் ஒரு நம்பர் இருக்கும்: 30-க்கு பேட்டரில இருந்து ஃபியூஸ் வழியா வர்ற வயர், 87-ல இருந்து சாக்கெட்டுக்கு, 85 எர்த், 86-க்கு சாவி போட்டா மட்டும் கரண்ட் வர்ற வயர். இந்த 86-க்கு நான் பெரும்பாலும் பின் ப்ரேக் சுவிட்ச் பக்கம்தான் எடுப்பேன், அங்க ஒரு வயர்ல பல வண்டிகள்ல சாவி போட்டதுமே 12 வோல்ட் நிக்கும். ரிலே காயில் இழுக்கறது ரொம்ப கம்மி, ஒரிஜினல் வயருக்கு பாரமே தெரியாது.

பிஎஸ்6 வண்டி வச்சிருக்கேன். வாரண்டி போயிடுமா?

ஒரிஜினல் வயர வெட்டினா சர்வீஸ்ல அதையே காரணமா காட்ட வாய்ப்பு இருக்கு. வெட்டாம, பேட்டரில இருந்து தனி லைன் எடுத்து, ஃபியூஸ் பாக்ஸ்ல சொருகற ஃபியூஸ் டேப் வச்சு ட்ரிகர், அதாவது ரிலேவோட 86-க்கு போற வயர் எடுங்க, நாளைக்கு கழட்டினா தடம் இருக்காது. இசியு (எஞ்சின கண்ட்ரோல் பண்ற கம்ப்யூட்டர்), சென்சார், ஃப்யூயல் பம்ப் போற வயர் பக்கமே போகாதீங்க.

நேரா பேட்டரில குடுத்துட்டா சாவி இல்லாமயே சார்ஜ் ஏறும்ல? வேலை மிச்சமாச்சே.

ஏறும். ஆனா வோல்ட் காட்டற குட்டி டிஸ்ப்ளே வச்ச சார்ஜர், போன் சொருகாம சும்மா இருந்தாலே 20 மில்லி ஆம்ப் மாதிரி இழுக்கும். ஒரு நாளைக்கு கிட்டத்தட்ட அரை ஆம்ப் ஹவர். சின்ன வண்டில பேட்டரியே 3 ஆம்ப் ஹவர்தான். ஊருக்கு போயிட்டு ஒரு வாரம் கழிச்சு வந்தா வண்டி செல்ஃப் எடுக்காது.

இன்னொண்ணும் சொல்லிடறேன். 5000 எம்ஏஎச் போன எஞ்சின் ஆஃப்ல வச்சு முழுசா ஏத்தினா, 12 வோல்ட் பேட்டரில இருந்து ரெண்டு ஆம்ப் ஹவர் பக்கம் போயிடும், அதாவது அந்த சின்ன பேட்டரில மூணுல ரெண்டு பங்கு. கிக்கர் இல்லாத வண்டின்னா தள்ளிட்டுதான் போகணும்.

நான் டெலிவரி வேலை பாக்கறேன் அண்ணா, நாள் பூரா மேப் ஓடும். சார்ஜர் போட்டும் பர்சென்ட் ஏறவே மாட்டேங்குது, சார்ஜர் மட்டமா?

முதல்ல கேபிள மாத்தி பாருமா. மெல்லிசு கேபிள்ல பாதி அங்கயே போயிடும். அடுத்தது வெயில். மத்தியானம் ஒரு மணிக்கு ஃபுல் ப்ரைட்னஸ்ல மேப் ஓட்டிட்டு நேர் வெயில்ல இருக்கற போன் சூடாகி தானாவே சார்ஜ குறைச்சுக்கும், எந்த சார்ஜர் போட்டாலும் அதேதான். ஹோல்டருக்கு மேல ஒரு சின்ன நிழல் மறைப்பு வச்சு பாரு, ப்ரைட்னஸ கொஞ்சம் இறக்கு. ஹோல்டர் வாங்கும்போது அதிர்வு தாங்கற ரப்பர் டாம்பர் வச்சது வாங்கு, பைக் எஞ்சின் அதிர்வுல ஐபோன் கேமரா கெட்டுப்போகலாம்னு 2021-ல ஆப்பிளே எச்சரிக்கை குடுத்துச்சு.

மழைல என்ன பண்றது? எனக்கு இது மூணாவது சார்ஜர்.

வாட்டர்ப்ரூஃப்னு போட்டிருந்தாலும் மூடி சாத்தியிருந்தாதான் அது. கேபிள் சொருகினதும் தண்ணி உள்ள போக வழி திறந்தாச்சு. கெட்டுப்போன சார்ஜர் வாய்க்குள்ள டார்ச் அடிச்சு பாருங்க, பின்னுங்க பச்சை பூத்திருக்கும். சாக்கெட் வாய் வானத்த பார்க்காம பக்கவாட்டுலயோ கொஞ்சம் கீழ சாஞ்சோ இருக்கட்டும். வயர் மேல இருந்து நேரா இறங்கி சாக்கெட்டுக்குள்ள போகக்கூடாது, கொஞ்சம் கீழ தொங்கி திரும்ப மேல ஏறி போகணும், தண்ணி அந்த தொங்கல்லயே சொட்டிடும். ஜாயின்ட்ல வெறும் டேப் சுத்தாம சால்டர் வச்சு, சூடு காட்டினா சுருங்கி பிடிச்சுக்கற ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ் போடுங்க, டேப் நம்ம வெயிலுக்கு பசை இளகி நழுவிடும்.

டயருக்கு காத்து அடிக்கற குட்டி பம்ப இதே சாக்கெட்ல ஓட்டலாமா?

யுஎஸ்பி லைன்ல முடியாது. அது 10 ஆம்ப் வரைக்கும் கூட இழுக்கும். அதுக்கு பேட்டரில இருந்து தனியா 2.5 ஸ்கொயர் எம்எம் வயர், 15 ஆம்ப் ஃபியூஸ், ரெண்டு பின் எஸ்ஏஇ கனெக்டர். எஞ்சின ஓட விட்டுட்டு காத்து அடிங்க.

எலெக்ட்ரிக் ஸ்கூட்டர்ல?

பெரிய பேட்டரிய தொடவே தொடாதீங்க. லைட்டு ஹார்னுக்கெல்லாம் கன்வெர்ட்டர் வழியா தனி 12 வோல்ட் லைன் இருக்கும், அதுல எவ்ளோ பாரம் தாங்கும்னு சர்வீஸ்ல கேட்டுட்டு அங்கயே போட்டுக்கங்க.

நானே வீட்ல மாட்டலாம்னு இருக்கேன், முதல் தடவை. எதுல ஜாக்கிரதையா இருக்கணும்?

கழட்டும்போது நெகட்டிவ் முதல்ல, மாட்டும்போது நெகட்டிவ் கடைசில. மாத்தி பண்ணா பாசிட்டிவ்ல இருக்கற ஸ்பேனர் ஃப்ரேம்ல பட்டு பொறி பறக்கும். வயர் கட்டி முடிச்சதும் ஹேண்டில அந்த கடைசிக்கும் இந்த கடைசிக்கும் முழுசா திருப்பி பாருங்க, எங்கயும் இழுத்து பிடிக்கக்கூடாது, நசுங்கக்கூடாது. அப்புறம் எஞ்சின ஸ்டார்ட் பண்ணி பேட்டரில மீட்டர் வைங்க, 13.5-ல இருந்து 14.5 வோல்ட்டுக்குள்ள இருந்தா சார்ஜிங் சரியா இருக்கு. ஒரு வாரம் ஓட்டிட்டு திரும்ப சீட்ட தூக்கி வயர் உரசற இடம் எதாவது இருக்கான்னு விரலால தடவி பாருங்க, தோல் கொஞ்சம் பளபளன்னு தேய்ஞ்சிருந்தா அந்த இடத்துல ஒரு ஸ்லீவ் ஏத்திடுங்க.