இரண்டு நாளில் தண்டவாளத்தைச் சரிசெய்துவிடலாம் என்றால், ரயில் யார்டுகளில் குண்டு போட்டதால் என்ன பயன்?

இந்தக் கேள்வியைப் பார்த்துவிட்டுச் சும்மா கடந்துபோக என்னால் முடியவில்லை. 1944-ல் நார்மண்டியில் நேச நாட்டுப் படைகள் இறங்குவதற்கு முந்தைய மாதங்களில், பிரான்சிலும் பெல்ஜியத்திலும் ஜெர்மானியர் கையில் இருந்த ரயில் யார்டுகளை ஏ-20 போன்ற இலகுரகக் குண்டுவீச்சு விமானங்கள் திரும்பத் திரும்பத் தாக்கின. அதைப் பற்றித்தான் கேட்டிருக்கிறீர்கள். "ஆளுக்கு நாலு குண்டு போட்டுவிட்டுப் போவார்கள், மறுநாள் கூலிகள் வந்து குழியை மூடித் தண்டவாளம் போட்டுவிடுவார்கள், வீண் வேலைதானே?" என்று விளக்கமும் கொடுத்திருக்கிறீர்கள்.

நீங்கள் ஏதோ போர்க் காணொளி பார்த்துவிட்டு வந்த இளைஞர் என்று நினைக்கிறேன். தவறில்லை, கேள்வியும் நியாயமானதுதான். அந்தக் காலத்துத் தளபதிகளே இதே கேள்வியை வைத்துக்கொண்டு சண்டை போட்டார்கள். ஆனால் "கூலிகள்" என்ற சொல் என்னைக் குத்தியது. நான் 36 வருடம் ரயில்வேயில் இருந்தவன். முதல் பத்து வருடம் ஒரு பெரிய மார்ஷலிங் யார்டில் நம்பர் டேக்கர். குழியை மூடித் தண்டவாளம் போடுகிற கேங்மேனின் கையை நான் பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறேன்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் ராணுவ நிபுணன் இல்லை. குண்டு வீச்சைப் புகழவும் வரவில்லை. யார்டு என்றால் என்ன என்று மட்டும் எனக்குத் தெரியும். அந்தப் பக்கத்திலிருந்துதான் பதில் சொல்கிறேன்.

யார்டைப் பலர் ரயில் நிறுத்துமிடம் என்று நினைக்கிறார்கள். தபால் நிலையத்தில் கடிதம் பிரிக்கிற மேசையை நினைத்துக்கொள்ளுங்கள், அதுதான் யார்டு. பத்து ஊரிலிருந்து கூட்ஸ் வண்டிகள் வரும். ஒவ்வொன்றிலும் இருபது ஊருக்கான வேகன்கள் கலந்து கிடக்கும். எஞ்சினைக் கழற்றிவிட்டு, வேகன்களை ஹம்ப் என்கிற மேட்டின் மேல் தள்ளி, ஒவ்வொன்றாக உருட்டி, பாயிண்ட்டை (வேகனை ஒரு லைனிலிருந்து இன்னொன்றுக்குத் திருப்புகிற நகரும் தண்டவாளத்தை) மாற்றி மாற்றி, வடக்கே போவது மூன்றாம் லைனுக்கு, மேற்கே போவது ஏழாம் லைனுக்கு என்று பிரிப்பார்கள். பிரித்து முடிந்ததும் புது வண்டி கோப்பார்கள். எந்த வேகன் எங்கே நிற்கிறது, எங்கே போக வேண்டும் என்ற கணக்குதான் யார்டின் உயிர். அந்தக் கணக்கை எழுதுகிறவன் நம்பர் டேக்கர்.

1983, ஐப்பசி மாதம். எனக்கு 27 வயது. ராத்திரி பதினொன்றே முக்கால் இருக்கும், கொட்டுகிற மழை. ஷண்டிங், அதாவது வேகன்களைத் தள்ளிப் பிரித்துக் கோக்கிற வேலை, நடந்துகொண்டிருந்தபோது, யார்டின் கழுத்தில், அதாவது எல்லா லைனும் ஒன்றாகச் சேருகிற இடத்தில், சிமெண்ட் ஏற்றிய வேகன் ஒன்று பாயிண்ட்டில் தடம் இறங்கியது. பின்னால் வந்த இரண்டும் அதோடு இறங்கின. யாருக்கும் அடி இல்லை. இதில் யாரையும் குறை சொல்லவும் இல்லை.

நிவாரண வண்டி வந்தது, கேங்மேன்கள் வந்தார்கள். விடியும் வரை முழங்கால் தண்ணீரில் நின்று ஜாக்கி போட்டுத் தூக்கினார்கள். மறுநாள் மதியம் மூன்று மணிக்குப் பாயிண்ட் சரி, தண்டவாளம் சரி, எஞ்சின் போய் வந்து பார்த்தாயிற்று. உங்கள் கணக்குப்படி அத்தோடு கதை முடிந்தது.

எங்களுக்கு அது ஒன்பது நாள் ஓடியது.

கழுத்து அடைபட்ட அந்தப் பதினைந்து மணி நேரமும் வெளியிலிருந்து வண்டிகள் வந்துகொண்டேதான் இருந்தன. வந்ததையெல்லாம் இடம் இருந்த லைனில் தள்ளிவிட்டார்கள். வடக்கே போவது மேற்கு லைனில், காலி வேகன் சரக்கு லைனில். மழையில் வேகன் லேபிள்கள் ஊறிக் கூழாகிவிட்டன. சாக்பீஸ் குறிகள் கரைந்து போயின. நாங்கள் அப்போது காப்பியிங் பென்சிலில் எழுதுவோம், ஈரம் பட்டால் ஊதாவாக மாறுகிற பென்சில். என் நோட்டில் அன்று எழுதிய நாலு பக்கமும் ஊதாக் கறையாகிவிட்டது. கை லாம்பைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, ஆயிரத்துச் சொச்சம் வேகன்களின் நம்பரையும் மறுபடி முதலிலிருந்து எடுத்தோம். எடுத்து முடிப்பதற்குள் பாதி இடம் மாறியிருக்கும்.

எங்கள் ஷண்டிங் ஜமேதார், தலை நரைத்தவர், பீடியை உள்ளங்கையில் மறைத்துக்கொண்டு என்னிடம் சொன்னார்: "தம்பி, தண்டவாளத்தை ஒட்டினா ஒட்டிரும். இந்தச் சிக்கலை எவன் பிரிக்கிறது?" நான் "பிரிச்சிடலாம் அண்ணே" என்றேன். ஐந்தாம் நாள் பதினோராம் லைனில் நடந்துபோகும்போது அழுகிய வாசனை வந்தது. ஒரு வேகனின் கதவிடுக்கில் பழுப்புத் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. வெங்காயம். எங்கள் பட்டியலில் அந்த வேகன் எப்போதோ புறப்பட்டுப் போய்விட்டதாக இருந்தது.

மூன்று வேகன் தடம் இறங்கியதற்கே இந்தப் பாடு. இப்போது அதே கழுத்தில் நூற்றுக்கும் மேல் குண்டுகள் விழுவதை நினைத்துப் பாருங்கள்.

நீங்கள் சொல்லும் ஏ-20 விமானத்துக்கு அமெரிக்கர்கள் வைத்த பெயர் ஹேவக், பிரிட்டிஷ்காரர்கள் பாஸ்டன் என்பார்கள். இரட்டை எஞ்சின். ஒரே ஒரு விமானி, அவர் உட்காரும் அறை அவ்வளவு குறுகல். விமானி அடிபட்டால் பின்னால் இருக்கும் துப்பாக்கி வீரர்கள் அவரிடம் போய்ச் சேரவே வழி கிடையாது. பெரும்பாலும் 500 பவுண்டு குண்டு நான்கு எடுத்துப் போவார்கள். இங்கிலாந்தின் எசெக்ஸ் பகுதியிலிருந்து 409, 410, 416 என்று மூன்று ஏ-20 குழுக்கள் அமெரிக்க ஒன்பதாம் விமானப் படைக்காகப் பறந்தன. 416-ஆம் குழு இருந்தது வெதர்ஸ்ஃபீல்ட் தளத்தில். ஒரு தாக்குதலுக்கு முப்பத்தாறு விமானம் போவது வழக்கம். நெருக்கமான அணியாகப் பத்தாயிரம், பன்னிரண்டாயிரம் அடி உயரத்தில், பட்டப்பகலில் போவார்கள். எல்லா விமானத்திலும் குறிபார்ப்பவர் இருக்க மாட்டார். கண்ணாடி மூக்கு வைத்த முன்னணி விமானத்தில்தான் அவர் இருப்பார். அது குண்டைக் கழற்றியதும் மற்றவர்களும் கழற்ற வேண்டும். அதற்கு முன் கீழிருந்து பீரங்கி சுடச் சுட, வளையாமல் நேராகப் பறந்தாக வேண்டும். விமானிகளைப் பற்றி நான் குறைத்துப் பேசுவதாக யாரும் எழுத வேண்டாம் என்பதற்காகத்தான் இதைச் சொல்கிறேன்.

இந்த ரகத்துக்கு யார்டு வேட்டை புதிதும் இல்லை. 1942 ஜூன் 29-ல் வடக்கு பிரான்சின் ஹாஸ்புரூக் யார்டை பிரிட்டிஷ் பாஸ்டன்கள் தாக்கப் போனபோது, கேப்டன் சார்லஸ் கெகல்மன் என்ற அமெரிக்கரும் தன் குழுவினரோடு ஒரு பாஸ்டனில் உடன் போனார். இங்கிலாந்திலிருந்து கிளம்பி ஜெர்மானியர் பிடித்திருந்த ஐரோப்பாவில் குண்டு போட்ட முதல் அமெரிக்க விமானப் படைக்காரர்கள் அவர்கள்தான். இவ்வளவு பெரிய விமானப் போரில் அமெரிக்கர்கள் அங்கே போட்ட முதல் குண்டே ஒரு ரயில் யார்டில் விழுந்திருக்கிறது. ரயில்காரனுக்கு இது சாதாரணமாகத் தோன்றாது.

1944-ல் யார்டுகளைக் குறிவைக்கச் சொன்னவர் தளபதி இல்லை, சாலி ஸக்கர்மன் என்ற விலங்கியல் அறிஞர். குரங்குகளின் வாழ்க்கையை ஆராய்ந்தவர். சிசிலியிலும் இத்தாலியிலும் குண்டு விழுந்த ரயில் பாதைகளை ஆராய்ந்துவிட்டு, தண்டவாளத்தை விட எஞ்சின் ஷெட், பழுதுபார்க்கும் பட்டறை, யார்டு ஆகியவற்றை அடித்தால்தான் ரயில் முடங்கும் என்றார். விமானப் படைத் தளபதி டெடர் அதை ஏற்றார். அமெரிக்கத் தளபதி ஸ்பாட்ஸ் எண்ணெய் ஆலைகளை அடிக்கலாம் என்றார். கடைசியில் மார்ச் 25 கூட்டத்தில் நேச நாட்டுத் தலைமைத் தளபதி ஐசனோவர் ரயில் பக்கம் முடிவெடுத்தார்.

உங்கள் கேள்வியில் பாதி உண்மை இருக்கிறது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். யார்டின் ஊடாகப் போகிற ஒன்றிரண்டு லைனை ஒன்று, இரண்டு நாளில் திறந்துவிட்டார்கள், அவசர ராணுவ வண்டிகள் அதில் போயின. பாலங்களை அடித்ததுதான் சட்டென்று பலன் தந்தது என்று எழுதுகிறவர்கள் நிறைய. மே 7-ல் வெர்னோன் என்ற ஊரில் எட்டே எட்டு பி-47 (P-47) போர் விமானங்கள் சேன் நதிப் பாலத்தை உடைத்தது அவர்களுக்குப் பெரிய ஆதாரம். நானும் மறுக்கவில்லை. பாலத்துக்கு மாற்றுவழி கிடையாது. ஆனால் பாலம் உடைந்தால் வண்டிகள் எங்கே போய் நிற்கும்? பின்னால் இருக்கிற யார்டில்தான். அந்த யார்டு ஏற்கெனவே கலைந்து கிடந்தால் வண்டியைத் திருப்பிவிடக்கூட இடம் இருக்காது. அதனால்தான் யார்டா பாலமா என்று பிரித்துக் கேட்பது எனக்குச் சரியாகப் படவில்லை. 1944 ஜனவரி, பிப்ரவரி மாத அளவை 100 என்று வைத்தால், பிரான்சின் ரயில் போக்குவரத்து மே நடுவில் 69, ஜூன் 9-ல் 38. யார்டு, பாலம், எஞ்சின்களைச் சுட்ட போர் விமானங்கள், நாட்டுக்குள்ளேயே ஜெர்மானியரை எதிர்த்த பிரெஞ்சு எதிர்ப்பு இயக்கத்தினர் எல்லாம் சேர்ந்து செய்தது அது.

அந்த எதிர்ப்பு இயக்கத்தினர் செய்த ஒரு வேலையைச் சொல்லியே ஆக வேண்டும். டாங்கி ஏற்றும் தட்டை வேகன்களின் அச்சுப்பெட்டியில் இருந்த எண்ணெயை எடுத்துவிட்டு, அரைக்கிற தூள் கலந்த மசகைப் போட்டுவைத்தார்கள். மசகு கெட்டு அச்சு சூடேறுகிற ஹாட் ஆக்சில் என்றால் என்ன என்று தெரிந்தவனுக்கு இதைப் படிக்கும்போதே மூக்கில் அந்தக் கருகல் வாசனை வரும். தாஸ் ரைஷ் என்ற ஜெர்மானிய டாங்கிப் படை, தெற்கே மோன்டோபானிலிருந்து நார்மண்டிக்குச் சில நாளில் போயிருக்க வேண்டும். இரண்டு வாரத்துக்கு மேல் ஆனது.

விலை கொடுத்தது யார் என்பதைச் சொல்லாமல் விட்டால் என் பதில் பொய்யாகிவிடும். யார்டைச் சுற்றித்தான் ரயில்காரர்களின் வீடுகள் இருக்கும். எந்த நாட்டிலும் அப்படித்தான். என் குவார்ட்டர்ஸிலிருந்து கடைசி லைன் கல்லெறி தூரம், என் இரண்டு பிள்ளைகளும் ஷண்டிங் சத்தத்தில்தான் தூங்கினார்கள். ஏப்ரல் 18 இரவு பாரிஸ் அருகே நுவாசி-ல-செக் யார்டை பிரிட்டிஷ் கனரக விமானங்கள் தாக்கியபோது 464 பொதுமக்கள் இறந்தார்கள். சர்ச்சிலுக்கே இது உறுத்தியது. பத்தாயிரம் உயிருக்கு மேல் போகக் கூடாது என்று வரம்பு வைக்கப் பார்த்தார், ரூஸ்வெல்ட்டுக்கு எழுதினார். தளபதிகளின் கையைக் கட்டமாட்டேன் என்று ரூஸ்வெல்ட் பதில் எழுதிவிட்டார். இலகுரக விமானங்கள் பகலில் பார்த்துப் போட்டதால் பொதுவாகச் சேதம் குறைவு என்பார்கள். இருக்கலாம். பாயிண்ட் கேபினில் டியூட்டியில் இருந்தவனுக்கு அதில் என்ன வித்தியாசம்?

இதையெல்லாம் எங்கே படித்தேன் என்று கேட்பீர்கள். எங்கள் ஊர் நூலகத்தில் ஒரு ஓய்வுபெற்ற ஆசிரியர் கொடுத்துவிட்டுப் போன போர் வரலாற்றுப் புத்தகங்கள் இரண்டு அலமாரி நிறைய இருந்தன. ஓய்வுபெற்ற பிறகு என் காலைப்பொழுது முழுக்க அங்கேதான். மூன்று வருடத்துக்கு முன் ஒருநாள் போனால் அலமாரி காலி. யாரும் எடுப்பதில்லை என்று எடைக்குப் போட்டுவிட்டார்களாம். நான் எடுத்துக்கொண்டுதானே இருந்தேன்? பழைய பேப்பர் கடைக்கு ஓடினேன். ஒரே ஒரு புத்தகம் கிடைத்தது, அட்டை கிழிந்து. பின்பக்கத் தேதித் தாளில் கடைசி ஆறு வரியும் என் உறுப்பினர் எண். ஒரு புத்தகம் வேண்டுமா வேண்டாமா என்று முடிவு செய்ய அந்தத் தாளைத் திருப்பிப் பார்க்க எவ்வளவு நேரம் ஆகும்? இன்றுவரை எனக்கு ஆறவில்லை. கேள்விக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, தெரியும். ஆனாலும் எழுதிவிட்டேன்.

சரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். வீண் வேலை இல்லை. தண்டவாளம் இரண்டு நாளில் வந்துவிடும், யார்டு வராது. அப்புறம் ஒரு வேண்டுகோள். கேள்வியில் "கூலிகள்" என்று இருப்பதைத் திருத்திவிடுங்கள். ஜெர்மானியர்கள் அட்லாண்டிக் கரையில் அரண் கட்டிக்கொண்டிருந்த ஆட்களையே பிய்த்து எடுத்து ரயில் பழுதுக்கு அனுப்ப வேண்டியிருந்தது. அவ்வளவு கைகள் தேவைப்பட்ட வேலை அது.

எந்த யார்டு என்று கருத்துப் பகுதியில் கேட்க வேண்டாம், சொல்ல மாட்டேன். ஆனால் நம்பர் டேக்கராகவோ ஹம்ப்பில் உருண்டு வரும் வேகனை நிறுத்த ஸ்கிட் வைப்பவராகவோ இருந்த யாராவது இதைப் படித்தால் கட்டாயம் எழுதுங்கள். அந்த ஊதா நோட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது. மூன்றாம் பக்கத்தில் சில நம்பர்களை இப்போதும் படிக்க முடிகிறது.