பட்டினியின் பலன் டப்பாவில் கிடைக்குமா?

கேள்வி: எனக்கு 58 வயது. சர்க்கரை, பிரஷர் எதுவும் இல்லை. காலையில் பூங்காவில் என்னோடு நடக்கும் நண்பர் ‘ரெஸ்வெரட்ரால்’ மாத்திரை விற்கிறார். அரை வயிறு சாப்பிடுகிறவர்களுக்குக் கிடைக்கும் பலன், முழு வயிறு சாப்பிட்டாலே கிடைக்குமாம். வயது ஏறுவதும் மெதுவாகுமாம். 60 மாத்திரை 2,400 ரூபாய். வாங்கலாமா?

பதில்: வேண்டாம். நண்பர் மனம் கோணாமல் மறுப்பது எப்படி என்பதுதான் கஷ்டம். அதற்குத் தோதாகச் சில விஷயங்கள் சொல்கிறேன்.

அவர் சொல்வது முழுக்கக் கட்டுக்கதை இல்லை. தீனியைக் குறைத்தால் எலிகள் கூடுதல் நாள் வாழும் என்பது 1930களிலேயே தெரிந்தது. பட்டினி போடாமல் உடம்பில் அதே மாற்றத்தை உண்டாக்கும் பொருள் எது என்று தேடியபோது அகப்பட்டவற்றில் ஒன்றுதான் கருப்பு திராட்சைத் தோலில் இருக்கும் ரெஸ்வெரட்ரால். கொழுப்புத் தீனி தின்று குண்டான எலிகள் இதனால் அதிக நாள் வாழ்ந்ததாக 2006-ல் ஆய்வு வந்தது. 2008-ல் கிளாக்சோஸ்மித்க்லைன் என்ற மருந்து நிறுவனம், இதை ஆராய்ந்துவந்த சர்ட்ரிஸ் கம்பெனியை 72 கோடி டாலருக்கு வாங்கியது. ஆனால் சாதாரணத் தீனி தின்ற எலிகளிடம் சோதித்தால் ஆயுள் கூடவில்லை. 2013-ல் சர்ட்ரிஸ் அலுவலகம் மூடப்பட்டது. மாத்திரை வியாபாரம் மட்டும் ஜோராக நடக்கிறது.

நீங்கள் தினமும் நடப்பவர் என்பதால் இன்னொன்றும் சொல்ல வேண்டும். 2013-ல் கோபன்ஹேகனில் 65 வயதை ஒட்டிய ஆரோக்கியமான ஆண்கள் 27 பேரை 8 வாரம் உடற்பயிற்சி செய்யவைத்தார்கள். ஒரு பகுதியினருக்கு தினம் 250 மில்லிகிராம் ரெஸ்வெரட்ரால், மற்றவர்களுக்கு வெற்று மாத்திரை. உடற்பயிற்சியால் வரவேண்டிய பலன்களில் சில, ரெஸ்வெரட்ரால் சாப்பிட்டவர்களுக்குக் குறைவாகவே கிடைத்தன. சிறிய ஆய்வுதான். ஆனாலும் பூங்காவில் சம்பாதிப்பதை டப்பாவில் தொலைப்பானேன்?

அடுத்த முறை நண்பரிடமிருந்து அந்த டப்பாவைக் கையில் வாங்கித் திருப்பிப் பாருங்கள். முன்பக்கம் ‘500 மி.கி.’ என்று கொட்டை எழுத்தில் இருக்கும். பின்பக்கம் பொடி எழுத்தில் அது நாட்வீட் என்ற செடியின் வேர்ச்சாறு என்றும், அதில் பாதிதான் ரெஸ்வெரட்ரால் என்றும் போட்டிருக்கலாம். உள்ளே போவதிலும் பெரும்பகுதியை குடலும் ஈரலும் சேர்ந்து வேறு பொருளாக மாற்றிவிடும். ‘மருந்தாகப் பயன்படுத்த அல்ல’ என்ற வரியும் உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐ தரும் 14 இலக்க உரிம எண்ணும் இருக்க வேண்டும். அந்த எண் இருந்தால் உரிமம் உண்டு என்று அர்த்தம், பலன் உண்டு என்று அர்த்தமில்லை. ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர் வீட்டில் யாராவது இருந்தால் இதை அவர் பக்கமே கொண்டுபோகாதீர்கள்.

நண்பர் ஏதாவது நேரடி விற்பனை கம்பெனியின் ஆளாக இருந்தால், 2021-ல் வந்த நேரடி விற்பனை விதிகள் அவருக்கும் பொருந்தும். பில், பொருளைத் திருப்பித் தரும் முறை, புகாருக்கான விவரம் எல்லாவற்றையும் அவர் தர வேண்டும். பில் கேட்டுப் பாருங்கள். பல நேரம் பேச்சு அதோடு முடிந்துவிடும். ஏற்கெனவே வாங்கி ஏமாந்தவர்கள் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்யலாம்.

கேள்வி: அப்படியென்றால் நிஜமாகவே சாப்பாட்டைக் குறைத்தால்? 70 வயது அம்மா இரவுச் சாப்பாட்டை விட்டுவிட்டார். ஏற்கெனவே ஒல்லி.

பதில்: அம்மாவை முதலில் சாப்பிடச் சொல்லுங்கள். மனிதர்களிடம் நடந்த முக்கியமான சோதனை அமெரிக்காவின் ‘கேலரி’ ஆய்வு. குண்டாக இல்லாத 218 பேர், 2 வருடம். உணவைக் குறைக்க வேண்டிய குழுவுக்கு இலக்கு 25 சதவீதம். அவர்களால் முடிந்தது சுமார் 12. ஒரு நாளைக்கு 2,000 கலோரி சாப்பிடுகிறவருக்கு அது ஏறக்குறைய இரண்டு மெதுவடை, அவ்வளவுதான். அதற்கே ரத்த அழுத்தமும் கெட்ட கொழுப்பும் குறைந்தன. ஆனால் எலும்பின் அடர்த்தியும் கொஞ்சம் குறைந்தது. சேர்ந்தவர்களில் 50 வயதைத் தாண்டியவர் ஒருவருமில்லை. 70 வயதில் தசை கரைவதுதான் பெரிய ஆபத்து. பருப்பு, முட்டை, தயிர் குறையக் கூடாது. எடை தானாக இறங்கிக்கொண்டே வந்தால் டாக்டரிடம் காட்டுங்கள்.

கேள்வி: சர்க்கரை மாத்திரை மெட்ஃபார்மின் இளமைக்கு நல்லது என்கிறார்களே. விலையும் கம்மி. சர்க்கரை இல்லாதவர் சாப்பிடலாமா?

பதில்: டாக்டர் சீட்டு இல்லாமல் கடையில் கேட்டு வாங்காதீர்கள். நீண்ட நாள் சாப்பிட்டால் உடம்பில் வைட்டமின் பி12 குறையலாம், வயிற்றுப்போக்கும் வரலாம். சர்க்கரை இல்லாதவர்களின் முதுமையை இது தள்ளிப்போடும் என்று இன்னும் நிரூபணமாகவில்லை.