சூரியனின் இரவு – கடிதமும் பதிலும்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். எகிப்தியக் கோயில்கள் பற்றிய தங்கள் கட்டுரையில் ‘ஆப்பிரிக்காவின் கதிரவன்’ என்று ஓரிடத்தில் குறிப்பிட்டிருந்தீர்கள். அதையொட்டி எனக்குச் சில ஐயங்கள். பண்டைய ஆப்பிரிக்க மக்கள் எல்லோருமே சூரியனைத்தான் முழுமுதற் கடவுளாகக் கொண்டிருந்தார்களா? எகிப்தின் ‘ரா’வும் நம்முடைய ‘ரவி’யும் ஒரே சொல் என்று எனக்கு வரும் வாட்ஸப் செய்திகள் அடித்துச் சொல்கின்றனவே, அது சரியா? மூன்றாவதுதான் முக்கியம். சூரியன் ஒன்றே கடவுள் என்று அறிவித்த எகிப்திய அரசன் அக்கெனதெனை, பூசாரிகளின் ஆதிக்கத்தையும் மூடநம்பிக்கையையும் அகற்ற முயன்ற முதல் பகுத்தறிவாளன் என்றே கல்லூரி நாட்களிலிருந்து எண்ணி வந்திருக்கிறேன். அவனுடைய மதம் அவனோடு முடிந்துபோனதற்குப் பூசாரிகளின் சதியைத் தவிர வேறு காரணம் உண்டா?

அன்புடன்,
கே. ஆர்., திண்டுக்கல்

அன்புள்ள கே. ஆர்.,

அந்தத் தொடரை நான் அவ்வாறு எழுதியிருக்கக் கூடாது. ஒரு கண்டத்துக்கு ஒரே கதிரவன் இருக்க முடியாது. கிளிமஞ்சாரோ மலைச்சரிவில் வாழும் சாக்கா மக்களிடம் கடவுளைக் குறிக்கும் ‘ருவா’ என்ற சொல்லே சூரியனையும் குறிக்கிறது. நைஜீரியாவின் இக்போ மக்களிடம் ‘சூரியனின் கண்’ என்று பொருள்படும் அன்யான்வு என்ற தெய்வம் உண்டு. ஆனால் அவர்களுடைய முழுமுதற் கடவுள் சுக்வு. இவையெல்லாம் அண்மை நூற்றாண்டுகளில் பதிவானவை. இவற்றை எடுத்துக்கொண்டு பழங்காலத்தைப் பற்றிப் பேசுவது ஆபத்து. ஏறத்தாழ மூவாயிரம் ஆண்டுகளுக்குத் தொடர்ச்சியான எழுத்துச் சான்று கிடைப்பது நைல் ஆற்றங்கரையில்தான். எனவே இந்தப் பதிலும் அந்தக் கரையை விட்டு நகராது.

‘ரா – ரவி’ விவகாரத்தை விரைவாக முடித்துவிடலாம். எகிப்தியர் உயிரொலிகளை எழுதுவதில்லை. சூரியனைக் குறிக்கும் சொல்லில் எழுதப்பட்டவை இரண்டு மெய்கள் மட்டுமே: ஒரு ‘ர்’, அதன்பின் அரபு மொழியில் இன்றும் உள்ள, தொண்டையை இறுக்கி ஒலிக்கும் ‘அயின்’. ‘ரா’ என்பதில் உள்ள நெடில் அறிஞர்கள் வசதிக்காக இட்டுக்கொண்டது. கி.மு. 14ஆம் நூற்றாண்டில் அயல்நாட்டு அரசர்கள் எகிப்திய அரசன் மூன்றாம் அமென்ஹோதெப்புக்கு அனுப்பிய களிமண் கடிதங்களில் அவனுடைய அரியணைப் பெயர் ‘நிம்முரேயா’ என்பதுபோல எழுதப்பட்டிருக்கிறது. அதன் இறுதியில் ‘ரேயா’ என்று ஒலிப்பதுதான் இந்தச் சூரியப் பெயர். எகிப்திய மொழியின் பிற்கால வடிவமான கொப்டிக்கில் அது ‘ரே’. ஆங்கில வழியாக வந்த ஓர் எழுத்துக்கூட்டலை வைத்துக்கொண்டு உறவு கொண்டாடுவதில் பொருளில்லை.

இனி தங்கள் மூன்றாம் கேள்வி. அக்கெனதென் எதை மாற்றினான் என்பதைப் புரிந்துகொள்ள, அவனுக்கு முன் சூரியன் என்னவாக இருந்தான் என்று பார்க்க வேண்டும். எகிப்தியச் சூரியன் ஒரே நிலையில் ஒளிர்ந்துகொண்டிருக்கும் பரம்பொருள் அல்லன். காலையில் அவன் கெப்ரி, நண்பகலில் ரா, மாலையில் முதுமை எய்திய அதூம். கெப்ரியின் வடிவம் சாணி உருட்டும் வண்டு. தன்னைவிடப் பெரிய உருண்டையைப் பின்னங்கால்களால் தள்ளிக்கொண்டு போகும் அந்த வண்டு மண்ணுக்குள் புதைத்துவைக்கும் சாணத்திலிருந்து சில காலம் கழித்துப் புதிய வண்டு தானாகவே தோன்றி வெளிவருவதாக எகிப்தியர் கண்டார்கள். அவர்கள் மொழியில் அதன் பெயரும் ‘உண்டாதல்’ என்ற வினையும் ஒரே வேரைச் சேர்ந்தவை. அவர்களை ஈர்த்தது சூரியனின் ஒளியைக் காட்டிலும், புதைந்த பிறகும் அது மீண்டும் உண்டாகிறது என்பதே என்று நினைக்கிறேன்.

எகிப்திய அரசர்கள் புதைக்கப்பட்ட அரசர் பள்ளத்தாக்கில், பாறை இடுக்கு ஒன்றின் உயரத்தில், அக்கெனதெனுக்கு முந்திய அரசன் மூன்றாம் துத்மோஸின் கல்லறை இருக்கிறது. அதன் உட்கூடம் மூலைகள் இல்லாத நீள்வட்ட வடிவிலானது; சுவர் முழுவதும், மாபெரும் பாப்பிரஸ் (நாணல்தாள்) சுருள் ஒன்றை விரித்து ஒட்டியதுபோல, கறுப்பிலும் சிவப்பிலும் குச்சிக் கோடுகளாக உருவங்கள் வரையப்பட்டிருக்கின்றன. அவை சூரியன் மறைந்த பிறகு பாதாளத்தின் வழியே படகில் செய்யும் பன்னிரண்டு மணி நேரப் பயணத்தைச் சொல்கின்றன. இந்தச் சூரியனுக்கு ஆட்டுக்கடாத் தலை. நான்காம் மணியில் ஆறு முடிந்து மணற்காடு தொடங்கிவிடுகிறது. படகு பாம்பாக மாறி, தன் வாயிலிருந்து வரும் தீயையே விளக்காகக் கொண்டு, இழுபட்டு ஊர்கிறது. நள்ளிரவில், ஆறாம் மணியில், சூரியன் இறந்தோரின் தெய்வமான ஒசைரிஸின் பிணத்தோடு ஒன்று கலக்கிறான். அந்தப் பிணமே அவனுடைய உடலும் ஆகும். அடுத்த மணியில் அபோபிஸ் என்ற பெரும்பாம்பு ஆற்று நீரை உறிஞ்சிவிட்டுக் குறுக்கே கிடக்கிறது. ஐசிஸ் என்ற பெண் தெய்வத்தின் மந்திரத்தால் படகு அதைக் கடக்கிறது. கடைசி மணியில் படகை இன்னொரு பாம்பின் வால்வழியே உள்ளே செலுத்தி வாய்வழியே வெளியே இழுக்கிறார்கள். கிழவர்களாக உள்ளே போனவர்கள் குழந்தைகளாக வெளியே வருகிறார்கள். அதுதான் விடியல்.

இதில் இறந்தவர்களுக்கு இருக்கும் இடத்தைத் தாங்கள் கவனிக்க வேண்டும். பாதாளத்தின் ஒவ்வொரு பகுதியிலும் அவர்கள் இருளில் கிடக்கிறார்கள். படகு வரும்போது எழுகிறார்கள், உணவும் உடையும் பெறுகிறார்கள். படகு கடந்துபோய்க் கதவுகள் சாத்தப்படும் ஓசை கேட்டதும் புலம்புகிறார்கள். மறுநாள் இரவு மீண்டும் அதே படகு வரும். சாகப்போகும் ஒவ்வொருவருக்கும் எகிப்தியச் சமயம் அளித்த உறுதி இதுதான்.

அந்த உறுதியையும் உழைத்துத்தான் காக்க வேண்டியிருந்தது. கி.மு. 4ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த பாப்பிரஸ் ஒன்றில் அபோபிஸை வீழ்த்தும் சடங்கின் விவரங்கள் உள்ளன. மெழுகில் பாம்பு உருவம் செய்து, அதன் பெயரைப் பச்சை மையால் எழுதி, காறி உமிழ்ந்து, இடது காலால் மிதித்து, நெருப்பில் இட வேண்டும். சூரியன் நாளைக்கும் எழும் என்பதை அந்த மக்கள் தானாக நடந்துவிடும் ஒன்று என்று கொள்ளவில்லை. தம் கையாலும் காலாலும் உதவ வேண்டிய வேலை என்று கொண்டார்கள்.

அக்கெனதென் நீக்கியது இந்த இரவைத்தான். கி.மு. 1353 அளவில் ஆட்சிக்கு வந்தவன், சில ஆண்டுகளில் இன்று அமர்னா எனப்படும் இடத்தில் புதிய தலைநகரை எழுப்பினான். அங்கே கோயில்களுக்குக் கூரையில்லை. வெட்டவெளியில் நூற்றுக்கணக்கான படையல் மேடைகள். அவனுடைய சூரியக் கடவுளான அதென் ஒரு வட்டத்தட்டு மட்டுமே. படகில்லை, எதிரியில்லை, முதுமையில்லை, ஒசைரிஸ் இல்லை. அந்நகரின் கல்லறை ஒன்றில் செதுக்கப்பட்டிருக்கும் புகழ்பெற்ற துதிப்பாடல் பகலைப் பாடும்போது உண்மையிலேயே அழகானது. முட்டைக்குள் இருக்கும் குஞ்சுக்கு மூச்சு கொடுப்பவன் என்று சூரியனைப் போற்றுகிறது. ஆனால் சூரியன் மறைந்ததும் அந்தப் பாடலுக்குச் சொல்ல ஒன்றுமில்லை. உலகம் செத்ததுபோல் கிடக்கிறது, சிங்கம் குகையை விட்டு வருகிறது, பாம்பு கடிக்கிறது, தலைமாட்டில் இருக்கும் பொருளைத் திருடினாலும் உறங்குகிறவர்களுக்குத் தெரிவதில்லை. சூரியன் எங்கே போனான் என்ற கேள்விக்கு அதில் விடையில்லை.

பூசாரிகளை அகற்றினான் என்கிறீர்கள். அதே பாடலில், உன்னை அறிந்தவன் உன் மகனாகிய நான் ஒருவனே என்ற பொருளில் அரசன் பேசுகிறான். அமர்னாச் சிற்பங்களில் அதெனின் கதிர்கள் சிறு கைகளாக முடிகின்றன. அவற்றுள் உயிர்க்குறியை ஏந்திய கைகள் நீள்வது அரசன், அரசி ஆகியோரின் மூக்கை நோக்கி மட்டுமே. குனிந்து நிற்கும் குடிகளுக்கு அந்தக் கை நீள்வதில்லை. பல பூசாரிகளின் இடத்தில் ஒரே பூசாரி வந்தான், அவ்வளவுதான். இதைப் பகுத்தறிவு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

அந்நகரத்து எளிய மக்கள் என்ன செய்தார்கள் என்பதை மண் சொல்கிறது. அரசனின் காலடியிலேயே, அவர்களுடைய வீடுகளில், பிள்ளைப்பேற்றைக் காக்கும் நீர்யானைத் தெய்வம் தவேரெத், குள்ள உருவத் தெய்வம் பெஸ் ஆகியோரின் தாயத்துகள் கிடைத்திருக்கின்றன. அவர்களுடைய இடுகாட்டு எலும்புகளில் ஊட்டக்குறைவும் கடும் சுமையால் தேய்ந்த முதுகெலும்பும் தெரிகின்றன. இளவயதில் சாகும் மக்களுக்கு, செத்த பின் எழுப்ப வரும் படகை இல்லாமலாக்கிய ஒரு சமயம் எதைத் தர முடியும்? பழைய பெருந்தெய்வமான அமூனின் கோயில் பூசாரிகளுக்கு வருமானம் போனது, வன்மமும் இருந்திருக்கும். அதை நான் மறுக்கவில்லை. பின்னர் அரியணை ஏறிய துட்டன்காமன் பெயரால் நாட்டப்பட்ட கல்வெட்டு, கோயில்களில் புல் முளைத்துக் கிடந்தது, வேண்டியும் தெய்வங்கள் வரவில்லை என்று புலம்புவதில் அரசியலும் உண்டு. ஆயினும் சதி மட்டுமே போதுமான காரணமாக எனக்குப் படவில்லை. மக்கள் அந்த மதத்தைக் காக்க எழவில்லை என்பதையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

‘ஆப்பிரிக்காவின் கதிரவன்’ என்று எழுதியபோது என் மனத்தில் இருந்த காட்சி ஒன்றைச் சொல்கிறேன். அக்கெனதெனுக்கு ஆறு நூற்றாண்டுகளுக்குப் பின், இன்றைய சூடானில் உள்ள நபாட்டாவிலிருந்து பியே என்ற குஷ் நாட்டு அரசன் படையோடு வடக்கே வந்து எகிப்தைப் பணியவைத்தான். அந்த வெற்றியை அவன் தன் ஊரில் நாட்டிய கல்லில் விரிவாகப் பொறித்திருக்கிறான். சூரியனின் பழம்பதியான ஹீலியோபொலிஸுக்கு வந்தவன், ரா முகம் கழுவிய நீரில் தன் முகத்தைக் கழுவினான். மணல்மேட்டின்மேல், சூரியன் எழும் வேளையில், வெள்ளைக் காளைகளும் பாலும் நறும்புகையும் படைத்தான். பிறகு தனியாகப் படியேறி, தாழ்ப்பாளின் முத்திரையை உடைத்துக் கதவைத் திறந்தான். உள்ளே தன் தந்தை ராவையும், காலைப் படகையும், இரவுப் படகையும் கண்டான். கதவைச் சாத்தி, களிமண் அப்பி, தன் முத்திரையைப் பதித்தான். இனி வரும் எந்த அரசனும் இதற்குள் நுழையக் கூடாது என்று பூசாரிகளுக்குக் கட்டளையிட்டுவிட்டுப் படியிறங்கினான்.

அன்புடன்,
ஆசிரியர்