அரசாங்கம் மாறினா போட்டை விடுவினமா?

கேள்வி: ஐயா, ஆஸ்திரேலியாவில லேபர் கட்சி ஆட்சி, இனி போட்டில போனா விடுவினம் எண்டு ஏஜென்சிக்காரன் தம்பிக்குச் சொல்லுறான். உண்மையோ?
– வாசகி, உப்புவெளி, திருகோணமலை

பதில்: இல்லைத் தங்கச்சி, பச்சைப் பொய். கடலிலயே மறிச்சுத் திருப்பி அனுப்புற திட்டத்தை 2013 செப்டம்பரில தொடங்கினது லிபரல் கட்சிப் பிரதமர் டோனி அபொட் தான், ஆனா அதுக்கு முதலே ஜூலையில லேபர் பிரதமர் கெவின் ரட், போட்டில வாற ஒருத்தரையும் ஆஸ்திரேலியாவில குடியேத்த மாட்டம் எண்டு அறிவிச்சிட்டார், அதால இது ஒரு கட்சியின்ர கொள்கை எண்டு நினைக்காதேங்கோ. லேபர் பிரதமர் அல்பனீசியும் அதைத்தான் தொடருறார், 2022 மே 21 தேர்தல் நாளிலயே மறிச்ச இலங்கைப் போட்டில இருந்தவையைத் திருப்பி அனுப்பினவை. 2023ல தற்காலிக விசாக்காரருக்கு நிரந்தர விசாவுக்கு வழி விட்டது நல்ல விஷயம், ஆனா அது அங்க முதலே போய் இருந்த பழைய ஆக்களுக்கு மட்டும், அதைத் திரிச்சுச் சொல்லித்தான் ஏஜென்சி காசு கறக்கிறான். 2014ல 41 பேரை நடுக்கடலில வச்சே எங்கட நேவியிட்டக் குடுத்தவை, அவையின்ர கதையை வடிவாக் கேக்காமலே, அது அநியாயம் எண்டு நான் இண்டைக்கும் சொல்லுவன். திரும்பி வந்தா இஞ்ச குடிவரவு குடியகல்வுச் சட்டத்தில வழக்கும் வரும். தம்பிக்கு உண்மையா உயிர்ப்பயம் எண்டா முதல்ல ஒரு சட்டத்தரணியைப் பாருங்கோ, நகையை மட்டும் அடகு வைக்காதேங்கோ.